வீட்டுக்கும் விலை பேசலாம்



சந்தைக்குப் போனால் நாம் எல்லோரும் கெட்டிக்காரிகள். கத்தரிக்காய் கிலோ என்ன விலை என்று கேட்டு, பக்கத்துக் கடைக்காரர் சொன்ன விலையையும் எடுத்துச் சொல்லி, பத்து ரூபாவையாவது குறைத்துக்கொண்டுதான் பைக்குள் போடுவோம். மீன்காரரிடம் இரண்டு சூடை மீனைக் கூடுதலாகப் போடுவிக்காமல் வீடு திரும்பமாட்டோம். ஆனால் அதே நாம், ஐம்பது அறுபது இலட்சம் ரூபா கொடுத்து ஒரு வீடு வாங்கப் போகும்போது வாயடைத்துப் போகிறோம். விற்பவர் சொன்ன விலையே முடிந்த விலை என்று எண்ணிக்கொள்கிறோம். குறைத்துக் கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ, "காசில்லாமல் ஏன் வந்தனீங்கள்?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார்களோ என்று கூசுகிறோம்.

இந்தக் கூச்சத்துக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் சமூகத்தில் வீடு பெண்ணுக்கு உரியது என்பார்கள். வடக்கில் சீதன உறுதியில் வீடு எழுதுவதும், கிழக்கில் மகளுக்கு வீட்டைக் கொடுத்து மருமகனை அங்கே குடியேற்றுவதும் நெடுங்கால வழமை. அதனால் எங்கள் அம்மாமாரும் அம்மம்மாமாரும் வீட்டுச் சொந்தக்காரிகளாக இருந்தார்கள். ஆனால் அவர்கள் வீடு *வாங்கியவர்கள்* அல்லர். வீடு அவர்களுக்குக் *கொடுக்கப்பட்டது*. காணி பார்ப்பது, தரகரோடு கதைப்பது, நொத்தாரிசிடம் போவது எல்லாம் அப்பாவினதும் அண்ணன்மாரினதும் வேலையாக இருந்தது.

போர் அந்த ஏற்பாட்டை உடைத்துவிட்டது. 1995இல் வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள், 2009இல் எல்லாவற்றையும் இழந்து மெனிக் பாம் முகாமுக்குள் வந்து சேர்ந்தவர்கள் என்று எத்தனையோ குடும்பங்களில் விலை பேசுவதற்கு அப்பாவும் இல்லை, அண்ணனும் இல்லை, கணவனும் இல்லை. வெளிநாட்டிலுள்ள சகோதரன் அனுப்பிய பணம், விற்ற நகை, இறந்த கணவரின் சேமலாப நிதி, பத்துப் பதினைந்து வருடம் வேலை செய்து மிச்சம் பிடித்த காசு என்று கையில் ஒரு தொகை இருக்கிறது. அந்தத் தொகை ஒரு தடவைதான் கிடைக்கும். அதை இழந்தால் மீண்டும் சேர்க்க இன்னொரு ஆயுள் வேண்டும். ஆகவேதான் இம்மாதம் இந்த விடயத்தை எழுதுகிறேன்.

இப்பொழுது யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் வேறு நகரங்களை அண்டியும், காணியைச் சிறு துண்டுகளாகப் பிரித்துப் புது வீடு கட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். பூச்சு மணமும் மாபிள் தரையின் பளபளப்பும் எங்களை இழுக்கும். முதன்முதலாக வீடு வாங்கும் பெண் அந்தப் பளபளப்பைத் தாண்டிப் பார்க்கவும், சொன்ன விலையைவிடக் குறைவாகத் துணிந்து கேட்கவும் பழக வேண்டும்.

முதலில் உறுதி, பிறகு விலை

விலை பேசுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உறுதி பிழையான வீட்டை எவ்வளவு குறைத்து வாங்கினாலும் அது மலிவு அல்ல. பாதி விலைக்குக் கிடைத்தாலும் அந்தப் பாதியும் நட்டம்தான். எனவே விலையைப் பற்றி வாய் திறக்கும் முன் உறுதியின் பிரதியையும் நிலஅளவைப் படத்தின் பிரதியையும் கேளுங்கள். கொடுக்கத் தயங்குபவரிடம் நீங்கள் வாங்க வேண்டியதில்லை.

அந்தப் பிரதிகளை உங்களுக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் கொண்டு போங்கள். விற்பவரின் நொத்தாரிசோ தரகர் காட்டும் நொத்தாரிசோ உங்கள் நன்மையைப் பார்ப்பார் என்று இருந்துவிட வேண்டாம். சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் தேடிப் பார்ப்பார். காணி யார் யாரிடம் கைமாறி வந்தது, ஈட்டில் இருக்கிறதா, ஒற்றியில் இருக்கிறதா, யாருக்காவது சீவிய உரித்து வைக்கப்பட்டிருக்கிறதா, நீதிமன்ற வழக்கு ஏதும் பதியப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அந்தத் தேடல். வழக்கமாக 30 ஆண்டுகளுக்குக் குறையாத உரித்து வரலாற்றைப் பார்ப்பார்கள். இடப்பெயர்வில் மூல உறுதி தொலைந்துவிட்டது என்று விற்பவர் சொன்னால், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நொத்தாரிசு ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியையும் பதிவகத்துக்கு அனுப்புவது சட்டம். அங்கிருந்து சான்றுப்படுத்திய பிரதி எடுத்துத் தரும்படி கேளுங்கள்.

வன்னியில் காணி பார்ப்பவர்களுக்கு இன்னொரு கேள்வியும் முக்கியம். அது உறுதிக் காணியா, பெர்மிற் காணியா? 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிற்றில் கொடுக்கப்பட்ட அரச காணியை, வைத்திருப்பவர் தன் விருப்பப்படி விற்க முடியாது. அளிப்புப் பத்திரம் உள்ள காணியைக் கைமாற்றுவதற்கும் பிரதேச செயலாளரின் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். "எல்லாரும் இப்பிடித்தான் வாங்கினவை" என்ற பேச்சை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிரதேச செயலகத்தில் அலையும் சகோதரிகளை எங்கள் வேலையில் அடிக்கடி சந்திக்கிறோம். பெர்மிற் காணி என்றால் முதலில் போக வேண்டிய இடம் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதி.

யாழ்ப்பாணத்தில் தேசவழமைக்கு உட்பட்ட காணி என்றால், பிரிக்கப்படாத பங்கு உள்ளவர்களுக்கு அதை முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டுச் சட்டம் இதை ஒழுங்குபடுத்துகிறது. பங்காளிகளுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் விற்றால், பிறகு அவர்கள் வழக்குப் போடலாம். அதேபோலக் காணியில் யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். மூலையில் ஒரு கொட்டிலில் யாராவது குடியிருந்தால், அவர் எத்தனை வருடமாக இருக்கிறார், யாருடைய அனுமதியில் இருக்கிறார் என்று கேளுங்கள். 10 ஆண்டுகள் உரிமையாளருக்கு எதிராக ஆட்சி செய்தவர் ஆட்சியுரித்துக் கோர எங்கள் சட்டம் இடம் கொடுக்கிறது.

புது வீட்டில் எதைப் பார்ப்பது?

புது வீடுதானே, குறை என்ன இருக்கப்போகிறது என்று எண்ண வேண்டாம். விற்பதற்கென்றே கட்டிய வீட்டில் கண்ணுக்குத் தெரியும் இடம் அழகாகவும், தெரியாத இடம் அவசரமாகவும் இருப்பதுண்டு. வீட்டைக் குறைந்தது இரண்டு தடவை பாருங்கள். ஒரு தடவை வெயிலில், ஒரு தடவை மழை பெய்த பிறகு. மாரி காலத்தில் பார்க்கக் கிடைத்தால் அதைவிட நல்ல பரீட்சை இல்லை. வளவில் தண்ணீர் எங்கே நிற்கிறது, சுவர் எங்கே ஊறுகிறது, கூரை எங்கே ஒழுகுகிறது என்பதை மழை தானே காட்டிக் கொடுத்துவிடும்.

இரண்டாம் தடவை போகும்போது உங்களுக்குத் தெரிந்த ஒரு மேசனைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு ஒரு நாள் கூலி கொடுப்பது வீண் செலவல்ல. ஜன்னல் மூலைகளில் சாய்வாக ஓடும் வெடிப்பு, சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாகப் பூத்த உப்பு, தட்டினால் வெறுமையாகச் சத்தம் கேட்கும் தரைக்கல், கறையான் ஏறிய நிலை, சரிவு இல்லாத குளியலறைத் தரை எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். கதவு, ஜன்னல் அத்தனையையும் திறந்து மூடுங்கள். குழாய்களைத் திறந்துவிடுங்கள். மின்சாரம் நிரந்தர இணைப்பா, கட்டட வேலைக்காக எடுத்த தற்காலிக இணைப்பா என்று கேளுங்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீடு வாங்குபவர்கள் கிணற்றையும் மலக்குழியையும் பார்க்காமல் விலை பேசவே கூடாது. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல் நிலம். மேலே ஊற்றுவது விரைவாகக் கீழே இறங்கிவிடும். இரண்டு பரப்புக்குள் வீட்டையும் கிணற்றையும் மலக்குழியையும் நெருக்கிக் கட்டினால் குடிதண்ணீர் கெட்டுவிடும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடி தூரம் வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். உங்கள் வளவில் மட்டும் அளந்தால் போதாது. பக்கத்து வளவின் மலக்குழி உங்கள் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் அளக்க வேண்டும். இந்தக் குறை விலையைக் குறைக்கும் குறை அல்ல. வீட்டையே விட்டுவிட வேண்டிய குறை. பிள்ளைகள் குடிக்கும் தண்ணீருக்குத் தள்ளுபடி கிடையாது.

பிரதேச சபை அனுமதித்த கட்டட வரைபடத்தையும், அதன்படியே வீடு கட்டப்பட்டது என்று சபை வழங்கும் இணக்கச் சான்றிதழையும் கேட்டுப் பாருங்கள். பின்துண்டுக் காணி என்றால், வீதியிலிருந்து உள்ளே வரும் பாதை உரிமை உறுதியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்று சிரித்துக்கொண்டு வழிவிடும் முன்வீட்டுக்காரர் நாளைக்குக் காணியை விற்றுவிட்டுப் போகலாம்.

குறைத்துக் கேட்கும் விலை எங்கிருந்து வருகிறது?

குறைத்துக் கேட்பது என்றால் வாய்க்கு வந்த தொகையைச் சொல்வதல்ல. கணக்குப் பார்த்துச் சொல்லும் விலைக்குத்தான் பலம் இருக்கிறது. ஒரு உதாரணம் சொல்கிறேன். இங்கே தரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டும் எடுத்தவை. உங்கள் ஊர் விலையை நீங்களே விசாரித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றரைப் பரப்புக் காணியில், அதாவது 15 பேர்ச்சில், 500 சதுர அடியில் ஒரு புது வீடு. விற்பவர் 60 இலட்சம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகுதியில் வெறும் காணி பரப்பு 12 இலட்சம் போகிறது என்றால் காணியின் பெறுமதி 18 இலட்சம். இதே தரத்தில் வீடு கட்டச் சதுர அடிக்கு 7,000 ரூபா முடியும் என்று உங்கள் மேசன் சொன்னால், வீட்டின் பெறுமதி 35 இலட்சம். இரண்டும் சேர்ந்து 53 இலட்சம். இனிக் கொப்பியைப் பாருங்கள். மதில் ஒரு பக்கம் இல்லை, கேற் போடவில்லை, தண்ணீர் மோட்டர் இல்லை, நிரந்தர மின் இணைப்பு இல்லை, குளியலறைத் தரையைக் கிளப்பித் திரும்பப் போட வேண்டும். இவற்றுக்கு 4 இலட்சம் வேண்டும் என்றால், இன்றைய நிலையில் அந்த வீடு உங்களுக்கு 49 இலட்சம் பெறுமதி. கட்டி முடித்துத் தந்த சிரமத்துக்கும் அவருக்கு ஒரு இலாபம் வேண்டும்தானே. ஆகவே 50 இலட்சத்தை உங்கள் உச்ச எல்லையாக வைத்துக்கொண்டு, 45 இலட்சத்தில் பேச்சைத் தொடங்கலாம்.

60 கேட்பவரிடம் 45 என்று சொல்வதா என்று சிலருக்கு நெஞ்சு படபடக்கும். ஆனால் அந்த 45க்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அவருடைய 60க்குப் பின்னால் என்ன கணக்கு இருக்கிறது என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. "சாமான் விலை ஏறிப்போச்சு" என்று சொல்வார். 2022 பொருளாதார நெருக்கடியில் சீமெந்தும் கம்பியும் எங்கேயோ போனது உண்மை. அந்த உச்ச விலை அப்படியே நிற்கவில்லை என்பதும் உண்மை. வீடு எந்த ஆண்டில் கட்டத் தொடங்கியது, எந்த ஆண்டில் முடிந்தது என்று கேளுங்கள்.

ஊர் விலையை விசாரிக்கும்போது இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். விளம்பரத்தில் போடும் விலை விற்பவர் *ஆசைப்படும்* விலை. விற்ற விலை அதுவல்ல. உறுதிகளில் எழுதப்பட்ட விலையையும் அப்படியே நம்ப முடியாது. முத்திரை வரிக்குப் பயந்து குறைத்து எழுதும் பழக்கம் இருக்கிறது. அண்மையில் அந்தப் பகுதியில் காணி வாங்கிய இரண்டு மூன்று பேரிடம் நேரில் கேட்பதே நல்ல வழி. எங்கள் பெண்கள் சங்கங்களில் கேட்டால் யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கும்.

வங்கிக் கடன் எடுப்பவர்களுக்கு இன்னொரு துணையும் இருக்கிறது. கடன் தருமுன் வங்கி தன்னுடைய மதிப்பீட்டாளரை அனுப்பி வீட்டை மதிப்பிடும். அந்த மதிப்பு விற்பவர் கேட்கும் விலையைவிடக் குறைவாக வந்தால், "வங்கியே இவ்வளவுதான் மதிச்சிருக்கு" என்று சொல்வதைவிட வலுவான பேச்சு வேறில்லை.

எப்படிச் சொல்வது?

விலையைக் குறைத்துக் கேட்பதற்குக் கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். வீட்டைப் பழிக்கவும் வேண்டாம். வீட்டைக் கட்டியவருக்கு அதில் ஒரு பெருமை இருக்கும். அதைக் குத்தினால் பேச்சு முறிந்துவிடும். இப்படித் தொடங்கிப் பாருங்கள்:

"அண்ணை, வீடு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. உறுதியும் பார்த்தம், சரியா இருக்கு. மேசனையும் கொண்டுவந்து காட்டினனான். மதில், கேற், மோட்டர், பாத்ரூம் தரை எண்டு நாலு இலட்சத்துக்கு வேலை கிடக்கு. இஞ்ச காணி பரப்பு என்ன விலை எண்டும் விசாரிச்சனான். எல்லாம் பார்த்தா எங்களால நாப்பத்தஞ்சுதான் தரலாம். காசு ஆயத்தமா இருக்கு."

சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். இதுதான் கடினமான இடம். விற்பவர் சிரிக்கலாம், முகத்தைச் சுளிக்கலாம், "உந்த விலைக்கு அத்திவாரம்கூடக் கட்ட ஏலாது, தங்கச்சி" என்று சொல்லலாம். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் நாமே "சரி, அம்பது எண்டா?" என்று விலையை ஏற்றிவிடுகிறோம். அவர் ஒரு தொகை சொல்லும்வரை நீங்கள் இன்னொரு தொகை சொல்ல வேண்டாம். அவர் 60இலிருந்து இறங்கிய பிறகே நீங்கள் 45இலிருந்து ஏறுங்கள்.

முதன்முறை வாங்குபவருக்கு ஒரு பலம் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். இன்னொரு வீட்டை விற்றுத்தான் இதை வாங்க வேண்டும் என்ற நிலை உங்களுக்கு இல்லை. பணம் ஆயத்தமாக இருந்தால் ஒரு மாதத்துக்குள் உறுதி முடிக்கலாம். கட்டி விற்பவருக்கோ வீடு பூட்டிக் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் முதல் முடங்குகிறது. கடன் எடுத்துக் கட்டியவர் என்றால் வட்டியும் ஓடுகிறது. வீடு எத்தனை மாதமாக விற்பனைக்கு இருக்கிறது என்று அயலில் கேட்டுப் பாருங்கள். ஒரு மாரி கடந்தும் விற்காத வீட்டின் விலை இறங்க இடமுண்டு.

சொல்லக் கூடாதவையும் சில உண்டு. உங்கள் உச்ச எல்லையைத் தரகரிடம்கூடச் சொல்ல வேண்டாம். விலை ஏறினால் அவருடைய தரகும் ஏறும். "தையில பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தொடங்குது, அதுக்கு முதல் வரவேணும்" என்று அவசரத்தைக் காட்ட வேண்டாம். "தம்பி கனடாவிலயிருந்து அனுப்புறார்" என்று பெருமைக்குச் சொன்னால் விலை அந்த இடத்திலேயே உறைந்துவிடும்.

"ஆம்பிளையள் ஆரும் வரேல்லையோ?" என்ற கேள்வி கட்டாயம் வரும். கணவனை இழந்த சகோதரிகளையும் கணவரைத் தேடிக்கொண்டிருக்கும் சகோதரிகளையும் இந்தக் கேள்வி எப்படிக் குத்தும் என்று எனக்குத் தெரியும். "வாங்கிறது நான்தான், என்னோடயே கதையுங்கோ" என்ற ஒரு வரி போதும். துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது. தனியாகப் போக வேண்டாம். ஆனால் விலையைப் பேசுவது நீங்களாக இருங்கள். ஒரு சகோதரி துணைக்கு வந்த மாமாவிடம் பேச்சைக் கொடுத்தார். மாமா தன் கௌரவத்துக்காக, "அதெல்லாம் பெரிய காரியமில்லை" என்று அரை மணித்தியாலத்தில் மூன்று இலட்சத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டார். பணம் மாமாவுடையது அல்ல. தையல் மெசினில் குனிந்திருந்து அவர் சேர்த்தது.

விலை படிந்த பிறகு

விலை படிந்தவுடன் அச்சவாரம் கேட்பார்கள். இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். வெள்ளைத் தாளில் எழுதி முத்திரை ஒட்டிக் கையொப்பம் வைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். அப்படி எழுதாத தாளை வைத்துக்கொண்டு, "சொன்னபடி காணியை எழுதித் தா" என்று நீதிமன்றத்தில் கேட்க முடியாது. அச்சவாரத்தை வங்கிக் காசோலையாகவோ கணக்குக்கு மாற்றியோ கொடுங்கள். மீதி வேலைகளை விற்பவர் செய்து தருவதாகச் சொல்லியிருந்தால், எந்த வேலை, எந்தத் திகதிக்குள் என்று உடன்படிக்கையிலேயே எழுதுவியுங்கள்.

பேசிய விலைக்கு மேலும் செலவு உண்டு. உறுதி மாற்றத்துக்கான முத்திரை வரி, முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் ஆகும். 50 இலட்சத்துக்கு 1,99,000 ரூபா வருகிறது. இதை வாங்குபவரே கட்ட வேண்டும். நொத்தாரிசு கட்டணம், பதிவுச் செலவு, தரகு எல்லாம் இதற்கு மேல். கையிலுள்ள கடைசி ரூபாவரை விலைக்கே கொடுத்துவிட்டால், உறுதி முடிக்கக் கடன் வாங்க வேண்டிவரும். ஆகவே உச்ச எல்லையைத் தீர்மானிக்கும்போதே இந்தச் செலவைக் கழித்து வையுங்கள்.

"உறுதியில விலையைக் குறைச்சுப் போடுவம், உங்களுக்குத்தான் இலாபம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம். நாளைக்கு ஒரு வழக்கு வந்தால், நீங்கள் கொடுத்த விலை உறுதியில் எழுதிய விலைதான். 50 கொடுத்துவிட்டு 20க்கு எழுதினால், மிகுதி 30க்கு உங்கள் கையில் எந்த அத்தாட்சியும் இருக்காது. சந்தைப் பெறுமதிக்குக் குறைவாக எழுதினால் பிறகு வரியும் தண்டமும் கேட்கப்படலாம்.

உறுதி யாருடைய பெயரில்? உங்கள் பணம் என்றால் உங்கள் பெயரில். தேசவழமைக்கு உட்பட்ட சகோதரிகள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். திருமணம் சட்டப்படி நிலைத்திருக்கும் காலத்தில் விலைக்கு வாங்கும் சொத்து, அதற்குக் கொடுத்த பணம் வாங்கியவரின் தனிச் சொத்திலிருந்து வராவிட்டால், தேடிய தேட்டமாகக் கணிக்கப்படும். அதில் கணவருக்கும் பங்கு உண்டு. கணவரைப் பிரிந்து வாழ்பவர்களுக்கும், கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கும் இது பின்னால் சிக்கலாக வரலாம். சீதன நகை விற்ற பணம், பெற்றோர் தந்த பணம் என்றால், அதை உறுதியிலேயே குறிப்பிட வேண்டுமா என்று உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள். நகை விற்ற பற்றுச்சீட்டையும் வங்கிப் பதிவையும் கவனமாக வைத்திருங்கள். உறுதி எழுதி முடிந்தவுடன் அது காணிப் பதிவகத்தில் பதியப்பட்டதா என்று நீங்களே உறுதிப்படுத்துங்கள். பதியாத உறுதிக்கு முன்னால், அதே காணிக்குப் பிறகு எழுதி முதலில் பதியப்பட்ட உறுதி முந்திக்கொள்ள முடியும்.

இரண்டு எச்சரிக்கைகள்

விலை எங்கள் எல்லைக்கு 5 இலட்சம் மேலே நிற்கும்போது, "அதை எங்கேயாவது கடன் எடுத்துப் பார்ப்பம்" என்ற எண்ணம் வரும். வாரா வாரம் வீட்டு வாசலுக்கு வந்து அறவிடும் நுண்கடனைக் கொண்டு அந்த இடைவெளியை நிரப்ப வேண்டாம். அந்தக் கடன்கள் எங்கள் பெண்களை என்ன செய்தன என்று எங்களுக்குத் தெரியும். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வரும் அளவுக்கு நிலைமை போனது. வீடு வாங்கிய பின் அந்த வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு கடன்காரருக்கு ஒளித்திருப்பதா?

இரண்டாவது எச்சரிக்கை வேறு விதமானது. யாரிடம் குறைத்துக் கேட்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். கட்டி விற்பதைத் தொழிலாகச் செய்பவரிடம் 60ஐ 45ஆகக் கேட்பது வியாபாரம். ஆனால் பிள்ளையின் சத்திரசிகிச்சைக்காகவோ அடகில் மூழ்கும் நகையை மீட்கவோ தன் வளவை விற்கும் இன்னொரு பெண்ணிடம், அவளுடைய அந்தரத்தைக் கண்டு பாதி விலைக்குக் கேட்பது வியாபாரம் அல்ல. இடப்பெயர்வு நாட்களில் ஒரு சைக்கிளையும் ஒரு சோடிக் காப்பையும் என்ன விலைக்கு விற்றோம் என்று நாங்கள் மறக்கவில்லை. காணியின் நியாயமான பெறுமதியைக் கணக்குக் காட்டும். அந்த விலைக்குக் கீழே போய் அடுத்தவளின் கண்ணீரில் வீடு வாங்க வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை.

கடைசியாக ஒரு வார்த்தை. விலை படியாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். "என்ர தொலைபேசி இலக்கம் உங்களிட்ட இருக்கு, யோசிச்சுச் சொல்லுங்கோ" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வாருங்கள். சில வேளை ஒரு கிழமை கழித்து அவர் அழைப்பார். சில வேளை அழைக்கவே மாட்டார். அப்படி அழைக்காவிட்டால் நீங்கள் ஒன்றையும் இழக்கவில்லை. பணம் உங்களிடம் பத்திரமாக இருக்கிறது, கணக்குப் பார்க்கும் பழக்கமும் வந்துவிட்டது. அடுத்த வீட்டைப் பார்க்கப் போகும்போது கொப்பியையும் மேசனையும் கூட்டிக்கொண்டு போங்கள். முதல் தடவை இருந்த படபடப்பு அப்போது பாதியாகக் குறைந்திருக்கும்.